இரண்டு வேகத் திரைகள்: எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டாவது மொனிட்டரையும் வாங்கி, காசு கட்டும் நேரத்தில்தான் பலருக்கும் கேபிள் ஞாபகம் வரும். "அண்ணா, நல்ல கேபிள் ஒண்டும் போட்டுத் தாங்கோ" என்று கேட்பார்கள். கைக்கு எட்டிய எச்டிஎம்ஐ கேபிள் பைக்குள் போகும். வீட்டுக்கு வந்து கொழுவினால் படமும் வரும். ஆனால் 1440பி (2560×1440 புள்ளிகள்), 165 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 165 தடவை படம் புதுப்பிக்கும் வேகம்) என்று பெட்டியில் எழுதியிருந்த மொனிட்டர் 60இல் ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸைத் தேடிப் பிடித்து மாற்றினால் 144 வரை ஏறும், அதற்கு மேல் பட்டியலே இருக்காது. இதைக் கவனிக்காமலே மாதக்கணக்கில் பாவிப்பவர்கள் நிறையப் பேர். காசு கொடுத்து வாங்கிய வேகம் மேசையில் சும்மா கிடக்கிறது என்பதுதான் கவலை.

முடிவெடுக்கும் ஒழுங்கை மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. மொனிட்டர் எவ்வளவு தரவு கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் எந்தப் போர்ட் அதைத் தாங்கும் என்பது அடுத்தது. கேபிள் கடைசி. இரண்டு மொனிட்டர்களும் 1440பி, 144 ஹேர்ட்ஸுக்கு மேல் என்றால் இரண்டையும் டிஸ்ப்ளேபோர்ட்டில் (எச்டிஎம்ஐ போலப் படம் கொண்டுபோகும் இன்னொரு வகைப் போர்ட்டில்) கொழுவுங்கள். வேறு வழிகளை யோசிப்பது, கார்டில் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் இல்லாதபோதுதான்.

முதலில் கணக்கு

ஒரு திரை ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு கேட்கும் என்பது மூன்றில் தங்கியிருக்கிறது: எத்தனை புள்ளிகள், செக்கனுக்கு எத்தனை தடவை, ஒரு நிறத்துக்கு எத்தனை பிட். 8 பிட் நிறத்தில், சுருக்கம் எதுவும் இல்லாமல், கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

1080பி, 144 ஹேர்ட்ஸ்: 8 ஜிகாபிட்
1080பி, 240 ஹேர்ட்ஸ்: 14 ஜிகாபிட்
1440பி, 144 ஹேர்ட்ஸ்: 14.1 ஜிகாபிட்
1440பி, 165 ஹேர்ட்ஸ்: 16.3 ஜிகாபிட்
1440பி, 180 ஹேர்ட்ஸ்: 17.9 ஜிகாபிட்
1440பி, 240 ஹேர்ட்ஸ்: 24.6 ஜிகாபிட்
4கே, 144 ஹேர்ட்ஸ்: 31.3 ஜிகாபிட்
4கே, 240 ஹேர்ட்ஸ்: 54.8 ஜிகாபிட்

எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடிய படம்) பாவிக்க 10 பிட் வைத்தால் ஒவ்வொன்றிலும் இன்னொரு காற்பங்கு கூடும்.

போர்ட்டுகள் படத்துக்கென்று உண்மையில் தருவது பெட்டியில் உள்ள எண்ணை விடக் குறைவு. எச்டிஎம்ஐ 2.0க்கு 18 ஜிகாபிட் என்று எழுதியிருக்கும். குறியாக்கத்துக்குப் போனது போக மிச்சம் 14.4. பழைய எச்டிஎம்ஐ 1.4இல் மிச்சம் 8.16தான். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தருவது 17.28, 1.4 தருவது 25.92. எச்டிஎம்ஐ 2.1இன் முழு 48 ஜிகாபிட் போர்ட்டில் 42க்குச் சற்று மேல் கிடைக்கும். டிஸ்ப்ளேபோர்ட் 2.1க்கு மூன்று வேகங்கள் உண்டு: யூஎச்பிஆர் 10இல் சுமார் 38.7, யூஎச்பிஆர் 13.5இல் 52.2, யூஎச்பிஆர் 20இல் 77.4.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடையில் கேட்கும் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மேலே சொன்ன 165 ஹேர்ட்ஸ் மொனிட்டர் ஏன் 144இல் நின்றது? அது கேட்பது 16.3, எச்டிஎம்ஐ 2.0 தருவது 14.4. 144 ஹேர்ட்ஸுக்கு 14.1 போதும், ஆகவே மயிரிழையில் அது அடங்கிவிடுகிறது. கேபிளில் குறையே இல்லை. எவ்வளவு விலை கூடிய கேபிளை வாங்கி மாற்றினாலும் அந்தப் போர்ட்டில் 165 வராது.

டிஎஸ்சி என்ற சுருக்க முறை தரவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே சுருக்கிவிடக்கூடியது. அதனால்தான் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள கார்டிலும் 4கே 144 ஓடுகிறது. சுருக்கியதைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஆகவே அதற்குப் பயப்பட வேண்டாம். கார்ட், மொனிட்டர் இரண்டிலும் அது இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகளிலும் டிஎஸ்சி கிடையாது. செகண்ட் ஹாண்ட் கார்ட் வாங்கி 4கே 144 மொனிட்டரோடு சேர்க்க நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட்

ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் பெரும்பாலும் மூன்று டிஸ்ப்ளேபோர்ட் 1.4, ஒரு எச்டிஎம்ஐ 2.1 இருக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் டிஸ்ப்ளேபோர்ட் 2.1ஆக உயர்ந்து யூஎச்பிஆர் 20 வரை போகிறது. ஆர்எக்ஸ் 7000 வரிசை யூஎச்பிஆர் 13.5 வரை. இந்தக் கார்டுகளில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. இரண்டு மொனிட்டர்களையும் டிஸ்ப்ளேபோர்ட்டில் கொழுவிவிட்டு, எச்டிஎம்ஐயை வெறுமையாக விடுங்கள். மொனிட்டரின் எச்டிஎம்ஐயும் அப்போது பிளேஸ்டேஷனுக்கோ வேறு எதற்கோ மிச்சமாக இருக்கும்.

ஒவ்வொரு போர்ட்டும் தன் திரைக்கு முழு வேகத்தையும் தனியாகவே தருகிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு திரைகள் 25.92ஐப் பங்குபோடுவதில்லை. பங்குபோடுவது ஒரே போர்ட்டிலிருந்து சங்கிலியாகக் கொழுவும்போது மட்டும்தான்; அது பின்னால் வரும்.

மாறும் ரிஃப்ரெஷ் வேகத்துக்கும், அதாவது கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகமும் மாறுவதற்கும், டிஸ்ப்ளேபோர்ட்தான் தொல்லை குறைந்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டில், இதற்கான என்விடியாவின் முறையான ஜி-சிங்க் கம்பெட்டிபிள் வேலை செய்வது டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டுமே. என்விடியா ஆர்டிஎக்ஸ் 30இலிருந்து எச்டிஎம்ஐ 2.1 வழியாகவும் அது வரும், ஆனால் மொனிட்டரின் எச்டிஎம்ஐயும் அதை ஆதரிக்க வேண்டும். பல 1440பி மொனிட்டர்களில் எச்டிஎம்ஐ பக்கம் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மட்டும்தான் இருக்கிறது.

லினக்ஸில் ஏஎம்டி கார்ட் பாவிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எச்டிஎம்ஐ 2.1ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை எச்டிஎம்ஐ ஃபோரம் ஏற்கவில்லை. 2024இல் அது வெளியே வந்தது. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அப்படியான தடை எதுவும் இல்லை.

இந்த வழியின் குறை என்று சொன்னால், டிஎஸ்சியில் மிக உயர்ந்த வேகத்துக்குப் போகும்போது என்விடியா கார்ட் ஒரு திரைக்கே உள்ளுக்குள் இரண்டு பாதைகளை எடுத்துக்கொள்ளக்கூடும். மொத்தம் நான்குதான். இரண்டு 4கே 240 திரைகளோடு மூன்றாவதாகச் சின்னத் திரை ஒன்றைக் கொழுவினால் அது கறுப்பாகவே நிற்பது இதனால்தான். இரண்டு திரைகளோடு நிறுத்துபவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

ஒன்று டிஸ்ப்ளேபோர்ட், மற்றது எச்டிஎம்ஐ

கொழும்பில் செகண்ட் ஹாண்டாகக் கைமாறும் ஜிடிஎக்ஸ் 1650, 1660 கார்டுகள் பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று, எச்டிஎம்ஐ 2.0 ஒன்று, பழைய வகையான டிவிஐ ஒன்று என்றுதான் இருக்கும். இங்கே வேறு வழி இல்லை, பங்கிட்டே ஆக வேண்டும். வேகம் கூடிய திரைக்கு, அல்லது கேம் விளையாடும் திரைக்கு, டிஸ்ப்ளேபோர்ட். மற்றது எச்டிஎம்ஐ.

இரண்டாவது திரை 1080பி என்றால் எச்டிஎம்ஐ 2.0இல் 240 ஹேர்ட்ஸ் வரை கணக்கு அடங்கும். 1440பி என்றால் 144 வரை. 180 ஹேர்ட்ஸ் திரையை எச்டிஎம்ஐயில் 144க்கு ஓடவிட்டு, பக்கத்தில் வட்ஸ்அப்பும் பிரவுசரும் திறந்து வைத்திருப்பவர் இழப்பது ஒன்றுமில்லை. அதற்காகக் கார்டை மாற்றப் போக வேண்டாம்.

இந்த வழியில் ஏமாறும் இடங்கள் நான்கு உண்டு. நான்கிலும் படம் வரும் என்பதால்தான் ஆட்கள் கவனிப்பதில்லை.

முதலாவது, "எச்டிஎம்ஐ 2.1" என்ற பெயர். 2.0 என்ற பெயரை இனிப் புதிய சாதனங்களில் பாவிக்க வேண்டியதில்லை, பழைய திறன் மட்டும் உள்ள போர்ட்டையும் 2.1 என்று அழைக்கலாம் என்பது எச்டிஎம்ஐ நிர்வாகத்தின் நிலைப்பாடு. ஆகவே பெட்டியில் 2.1 என்று பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில், அந்தப் போர்ட்டில் எந்தத் தெளிவில் எத்தனை ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். "1440பி 144 எச்டிஎம்ஐ, 1440பி 180 டிஸ்ப்ளேபோர்ட்" என்று பிரித்து எழுதியிருந்தால் அந்த எச்டிஎம்ஐ உண்மையில் 2.0 வகைதான்.

இரண்டாவது, நிறத்தைக் குறைத்து வேகத்தை ஒப்பேற்றுவது. இடம் போதாதபோது டிரைவர் நிறத் தகவலைக் குறைத்து 4:2:2க்கோ 4:2:0க்கோ மாறிவிடும். படம், வீடியோ, கேம் எதிலும் பெரிதாகத் தெரியாது. எழுத்தில் தெரியும், தமிழ் எழுத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "க்ஷ்", "ஞ்" என்று தட்டிப் பாருங்கள். புள்ளி தனியாக நிற்காமல் எழுத்தோடு கரைந்து போயிருந்தால், எழுத்தின் வளைவில் நிறம் கசிந்திருந்தால், நிறம் வெட்டப்பட்டிருக்கிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் "சேஞ்ச் ரெசலூஷன்" பக்கத்தில் கலர் ஃபோர்மட் ஆர்ஜிபி என்றிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 10 பிட்டை 8ஆக்குங்கள், அல்லது வேகத்தில் ஒரு படி இறங்குங்கள். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவருக்கு, நிறத்தை வெட்டிக் கிடைக்கும் கூடிய வேகத்தை விட ஆர்ஜிபியில் 144 எவ்வளவோ மேல்.

மூன்றாவது, எச்டிஎம்ஐயில் மொனிட்டரைத் தொலைக்காட்சி என்று கார்ட் எண்ணிக்கொள்வது. அப்போது கறுப்பு சாம்பல் நிறமாக வெளிறித் தெரியும். டைனமிக் ரேஞ்ச் "லிமிட்டட்" என்றிருப்பதை "ஃபுல்" ஆக்கினால் சரி. இதே காரணத்தால், தெளிவுகளின் பட்டியலில் தொலைக்காட்சி வகைகள் மேலேயும் "பிசி" என்ற பகுதி கீழேயும் வரும். 144 அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். மேலே மட்டும் பார்த்துவிட்டு "120க்கு மேல் இல்லை" என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது, கார்டில் செருக வேண்டியதை மதர்போர்டில் செருகிவிடுவது. கேஸின் பின்பக்கத்தில் மேலே யூஎஸ்பிகளோடு சேர்ந்திருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டுக்கு உரியது. பத்தாம் தலைமுறை வரையான இன்டெல் சிபியூக்களோடு வந்த சாதாரண போர்டுகளில் அது பெரும்பாலும் 1.4. முதல் திரையைக் கார்டிலும் இரண்டாவதை அங்கேயும் கொழுவினால், இரண்டாவதில் 1440பி 75க்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கார்டில் டிவிஐ மிச்சமிருந்தால், அது டூயல் லிங்க் என்றால், 1080பி 144 அதில் தாராளமாக ஓடும். மொனிட்டரிலும் டிவிஐ இருக்க வேண்டும். கேபிளின் முனையில் நடுவில் இடைவெளி இல்லாமல் 24 ஊசிகளும் நிறைந்திருக்க வேண்டும். நடுவில் ஆறு ஊசி இல்லையென்றால் அது சிங்கிள் லிங்க். 60 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும்.

லெப்டொப் வைத்திருப்பவர்களுக்கு

லெப்டொப்பில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு எச்டிஎம்ஐயும் ஒரு டைப்-சியும். டைப்-சி என்ற வடிவம் மட்டும் எதையும் உறுதி சொல்லாது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருக்க வேண்டும், அல்லது மொடலின் விபரத்தில் "டிஸ்ப்ளேபோர்ட் ஓல்ட் மோட்" என்று எழுதியிருக்க வேண்டும். சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டும் உள்ள டைப்-சியில் எந்தக் கேபிளாலும் படம் வராது.

படம் வரும் டைப்-சி என்றால், ஹப் வாங்காமல் நேரடியாக ஒரு முனை டைப்-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிளை வாங்குங்கள். இந்தக் கேபிள்கள் பெரும்பாலும் ஒருவழிதான்: லெப்டொப் பக்கம் டைப்-சி, மொனிட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட். ஹப்பில் என்ன நடக்கிறது என்றால், யூஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருப்பதால் டைப்-சியின் நான்கு பாதைகளில் இரண்டுதான் படத்துக்கு மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்திலேயே அது 12.96 ஜிகாபிட். 1440பி 144 கேட்பது 14.1. அதற்கு மேல் "4கே 30 ஹேர்ட்ஸ்" என்று எழுதிய விலை குறைந்த ஹப்களுக்குள் எச்டிஎம்ஐ 1.4 சிப்தான் இருக்கும். அவற்றை வேகத் திரைக்கு வாங்கவே வேண்டாம்.

மொனிட்டரிலேயே டைப்-சி இருந்து, அதன் யூஎஸ்பி போர்ட்டுகளில் மவுஸும் கீபோர்டும் கொழுவியிருந்தாலும் இதே பங்கீடு நடக்கும். மொனிட்டரின் மெனுவில் யூஎஸ்பிக்கு முன்னுரிமையா, தெளிவுக்கு முன்னுரிமையா என்று கேட்கும் ஒரு தெரிவு இருக்கும். தெளிவைத் தெரிவு செய்தால் யூஎஸ்பி 2.0க்கு இறங்கும், படத்துக்கு நான்கு பாதையும் கிடைக்கும். மவுஸுக்கு 2.0 தாராளம்.

மெக்புக் வாங்கியவர்கள் போர்ட்டை எண்ணுவதற்கு முன் சிப்பைப் பார்க்க வேண்டும். சாதாரண எம்1, எம்2 மெக்புக் எயார் வெளித்திரை ஒன்றைத்தான் ஓட்டும். எம்3 எயாரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4இல் மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு.

சங்கிலியும் அடப்டரும்

முதல் மொனிட்டரிலிருந்து இரண்டாவதுக்கு டிஸ்ப்ளேபோர்ட்டைத் தொடர்ந்து கொண்டுபோவது அலுவலகத் திரைகளுக்கு அழகான வழி, மேசையில் கேபிள் குறையும். வேகத் திரைகளுக்கு அது சரிவராது. ஒரு போர்ட்டின் 25.92ஐ இரண்டு திரைகள் பங்குபோட வேண்டும். 1440பி 144 இரண்டுக்கு 28.2 வேண்டும். டிஎஸ்சி இல்லாமல் அடங்காது. மெக்ஓஎஸ்ஸில் இப்படிச் சங்கிலியாகக் கொழுவினால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். டிஸ்ப்ளேலிங்க் டொக்குகள் படத்தைச் சிபியூவில் சுருக்கி யூஎஸ்பி வழியே அனுப்புகின்றன. எக்செலுக்கு நல்லது, கேமுக்கு வேண்டாம்.

அடப்டர் வாங்கும்போது திசை முக்கியம். கார்டில் டிஸ்ப்ளேபோர்ட், மொனிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் சின்ன அடப்டர் வேலை செய்யும், ஆனால் விலை குறைந்தவை 1080பி 60க்கோ 120க்கோ மேல் போகாது. உயர்ந்த வேகத்துக்கு உள்ளே மாற்றும் சிப் உள்ள அக்டிவ் அடப்டர் தேவை, அதன் பெட்டியில் "4கே 60" அல்லது அதற்கு மேல் எழுதியிருக்க வேண்டும். எதிர்த் திசையில், அதாவது கார்டின் எச்டிஎம்ஐயிலிருந்து மொனிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, சாதாரணக் கேபிளால் படமே வராது. இதற்கு யூஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் தனி மாற்றி வேண்டும். இரண்டு முனையையும் பார்த்து "வடிவம் பொருந்துதே" என்று வாங்கி வந்து, கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது கேபிள்

மொனிட்டரின் பெட்டிக்குள் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வந்திருந்தால் அதையே முதலில் பாவியுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் "1.4 கேபிள்", "2.1 கேபிள்" என்று கேட்காதீர்கள். பதிப்பு எண் போர்ட்டுக்கு உரியது. கேபிளுக்குச் சான்றுப் பெயர் வேறு. டிஸ்ப்ளேபோர்ட்டில் 1.4 வேகத்துக்கு "டிபி8கே", யூஎச்பிஆர் 10க்கு "டிபி40", யூஎச்பிஆர் 20க்கு "டிபி80". எச்டிஎம்ஐயில் 18 ஜிகாபிட்டுக்கு "பிரீமியம் ஹை ஸ்பீட்", 48க்கு "அல்ட்ரா ஹை ஸ்பீட்". பிந்தையதன் பெட்டியில் கியூஆர் குறியோடு ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். எச்டிஎம்ஐயின் சான்று பார்க்கும் செயலியால் அதைக் கடையிலேயே ஸ்கேன் பண்ணலாம். கேபிளின் உடலிலும் அந்தப் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தொங்கும் கேபிள்களில் "8கே" என்று மட்டும் பொன் எழுத்தில் இருந்தால் அது எந்தச் சான்றும் இல்லை. சான்று இல்லாத கேபிள் எல்லாமே பழுது என்று அர்த்தமல்ல. திருப்பி மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

நீளம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். கேஸ் மேசைக்குக் கீழே, திரைகள் மேலே என்றால் 1.5 முதல் 2 மீற்றர் போதும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 முழு வேகத்துக்கு 2 மீற்றரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அல்ட்ரா ஹை ஸ்பீட் எச்டிஎம்ஐக்கு 3 மீற்றர். சாதாரண டிபி80 கேபிள்கள் ஒரு மீற்றர் அளவுதான் வரும், ஆகவே யூஎச்பிஆர் 20 தேவையானவர் கேஸை மேசைக்கு மேலே ஏற்றுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். "பிறகு உதவும்" என்று 5 மீற்றர் வாங்கிச் சுருட்டி வைப்பது நல்ல யோசனை அல்ல. தூரம் தவிர்க்க முடியாதென்றால் ஒளியிழைக் கேபிள் இருக்கிறது. அதற்குத் திசை உண்டு, "சோர்ஸ்" என்று எழுதிய முனை கார்ட் பக்கம் வர வேண்டும்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மட்டும் உள்ள ஓர் ஆபத்து 20ஆம் ஊசி. அது 3.3 வோல்ட் மின்சாரம் தரும் ஊசி. மொனிட்டருக்கும் கார்டுக்கும் நடுவிலுள்ள கேபிளில் அதைத் தொடுத்திருக்கக் கூடாது என்பது டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வீசா (VESA) அமைப்பின் விதி. மலிவாகச் செய்யப்பட்ட சில கேபிள்களில் தொடுத்திருப்பார்கள். அப்போது மொனிட்டரிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் பின்பக்கமாக நுழையும். அறிகுறி இதுதான்: கணினியை அணைத்துச் சுவர் பிளக்கையும் கழற்றிவிட்டீர்கள், மொனிட்டர் மட்டும் இயங்குகிறது, கேஸுக்குள் எங்காவது ஒரு விளக்கு மங்கலாக எரிகிறது. அல்லது கேபிளைக் கழற்றினால்தான் கணினி ஸ்டார்ட் ஆகிறது. அப்படிப்பட்ட கேபிளை இன்னொரு நாள் கூட வைத்திருக்க வேண்டாம், கார்டுக்கே கேடு.

கடற்கரை வீடுகள், இடி, மின்விசிறி

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று போர்ட்டுகளையும் விடுவதில்லை. பாவிக்காத போர்ட்டுகளுக்கு கார்டோடு வந்த றப்பர் மூடியைப் போட்டே வையுங்கள். இரண்டு வருடம் நன்றாக ஓடிய திரை திடீரென்று விட்டுவிட்டுக் கறுத்தால், கேபிளை மாற்றுவதற்கு முன் கழற்றி முனையைப் பாருங்கள். பச்சையோ மங்கலோ படிந்திருந்தால் ஐசோபுரோப்பில் அல்ககோலைத் தூரிகையில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டுச் செருகுங்கள்.

மின்விசிறி சுவிட்சைத் தட்டும்போதோ குளிர்சாதனப் பெட்டி நிற்கும்போதோ திரை ஒரு செக்கன் கறுத்துத் திரும்பி வந்தால், கேபிளின் கவசம் போதவில்லை. தரமான, குறுகிய கேபிள் அதைத் தீர்க்கும். காஸ் வைத்த நாற்காலியிலிருந்து எழும்போது இப்படி நடந்தாலும் காரணம் அதே வகைதான்: நாற்காலியில் சேரும் நிலைமின்சாரம் எழுப்பும் மின்காந்த அலையைக் கேபிள் வாங்கிக்கொள்கிறது.

கணினியையும் இரண்டு மொனிட்டர்களையும் ஒரே யூபிஎஸ்ஸிலோ ஒரே எக்ஸ்டென்ஷனிலோ கொழுவுங்கள், மூன்றுக்கும் எர்த் ஒன்றாக இருக்கும். எர்த் ஊசியை விட்டுவிடும் இரட்டை ஊசி மாற்றிகளை மொனிட்டருக்குப் பாவிக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்குவதற்கு முன்பே சுவர் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது. அந்த வழியாகவும் மின்னலின் அதிர்ச்சி உள்ளே வந்து போர்ட்டைச் சுட்டுவிடும்.

கொழுவிய பிறகு

விண்டோஸ் புதுத் திரையை 60இல் தொடங்குவது சாதாரணம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் மேலே மொனிட்டரைத் தெரிவு செய்து வேகத்தை மாற்றுங்கள். பிறகு அதே பக்கத்தில் இரண்டாவது மொனிட்டரைத் தெரிவு செய்து திரும்பவும் மாற்ற வேண்டும். ஒன்றுக்குச் செய்தால் மற்றதுக்கும் ஆகாது. முழு வேகம் பட்டியலில் இல்லையென்றால் மொனிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள். சில மொடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.1 அல்லது 1.2இல் வைக்கப்பட்டிருக்கும், அதை 1.4 ஆக்க வேண்டும். "ஓவர்குளொக்" என்ற பெயரில் கடைசி 15, 20 ஹேர்ட்ஸைப் பூட்டி வைத்திருக்கும் மொடல்களும் உண்டு.

இரண்டு திரைகளும் வேகத்தில் ஓடும்போது சில கார்டுகளில் மெமரி வேகம் இறங்காமல் நிற்கும், ஒன்றும் செய்யாதபோதும் கார்ட் சுடும், மின்சாரமும் கூடும். பக்கத்துத் திரையை 120க்கோ 60க்கோ இறக்கிப் பாருங்கள், பல நேரங்களில் அதிலேயே அடங்கிவிடும். விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து வெவ்வேறு வேகத் திரைகளைக் கையாள்வது நன்றாகத் திருந்தியிருக்கிறது, ஆகவே ஒன்று 165, மற்றது 60 என்று வைப்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டில் விண்டோஸ் வரும் வரை திரை கறுப்பாகவே இருந்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 திரைகளுக்காக என்விடியா அந்தக் கார்டுகளுக்கென்று ஒரு ஃபேம்வெயார் திருத்தத்தை இலவசமாகத் தந்திருக்கிறது. எச்டிஎம்ஐயில் கொழுவி, அதை ஓடவிட்டு, மீண்டும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறலாம்.

பழுது எங்கே என்று தெரியாவிட்டால் இரண்டு திரை இருப்பதே பெரிய உதவி. இரண்டு கேபிள்களையும் மொனிட்டர் பக்கத்தில் மட்டும் மாற்றிக் கொழுவுங்கள். சிக்கல் மற்ற மொனிட்டருக்குப் போனால் கேபிள் அல்லது கார்டின் போர்ட். அதே மொனிட்டரில் நின்றால் மொனிட்டர்தான். போயிருந்தால், அடுத்து கார்ட் பக்கத்திலும் மாற்றுங்கள். இப்போது சிக்கல் பழைய மொனிட்டருக்கே திரும்பி வந்தால் போர்ட், புது இடத்திலேயே நின்றால் கேபிள். எச்டிஎம்ஐ 2.0இல் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிள் தாக்குப்பிடிக்கவில்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். டிஸ்ப்ளேபோர்ட்டில் புள்ளிகளை விட, திரை இரண்டு செக்கன் கறுத்துத் திரும்பி வருவதுதான் அடிக்கடி காணும் அறிகுறி.

கழற்றும்போது டிஸ்ப்ளேபோர்ட் முனையின் மேலுள்ள பொத்தானை முழுதாக அழுத்திக்கொண்டே இழுங்கள். உள்ளே இரண்டு சின்னக் கொக்கிகள் கார்டின் உலோகத்தில் மாட்டியிருக்கும். மொனிட்டருக்குப் பின்னால் கைபோகாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் உடைவது கேபிளாக இருக்காது, கார்டின் போர்ட்டாக இருக்கும்.